ஒட்டவைத்த சிரிப்பு

சிரிக்கத்தானே சொல்கிறார்கள், கிணறு வெட்டவா சொல்கிறார்கள் என்று மரகதம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் பச்சைச் சேலையும் தலைநிறையப் பூவுமாக அவள். எதிரே அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் போனை ஸ்டாண்டில் மாட்டுவதும் கழற்றுவதும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதுமாக நின்றார். ஸ்டாண்டு என்று பெயர்தான், பழைய டேபிள் பேன் ஒன்றின் காலை எடுத்து அவரே கிளிப் முடுக்கிச் செய்தது. கோபியில் மிக்சி கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர் கையில் எந்தப் பொருளும் அதன் பிறவிக் குணத்தோடு இருக்க முடியாது. இன்றைக்கு அவள் முகத்தை ஊருக்குக் காட்டப்போகிறார்கள். மூன்று வருஷமாக 'சென்னி மாமா அலப்பறை' என்கிற அவர்கள் சேனலில் அவள் சிரிப்பு மட்டும் உண்டு, முகம் கிடையாது. அவர் முன்னால் நின்று பேசுவார், அவள் பின்னால் நின்று போனைப் பிடித்துக்கொண்டு எடுப்பாள், எடுக்கும்போதே அடக்கமுடியாமல் சிரிப்பாள், அது வீடியோவில் விழுந்துவிடும். மாமா பேச்சைவிட அக்கா சிரிப்புதான் ஜோர் என்று ஆரம்பித்தவர்கள் அக்காவைக் காட்டுங்க, அக்கா சிரிக்கிறதை ஒருதடவை பாக்கணும் என்று விடாமல் எழுதினார்கள். இவரும் ஏதோ ஒரு குஷியில், ஒரு லட்சம் பேர் சேரட்டும், காட்டுகிறேன் என்று சொல்லிவைத்தார். போன வாரம் சேர்ந்துவிட்டார்கள். ஆக, ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள், அவள் போனைப் பார்த்து உட்கார்ந்து புருஷன் சொல்கிற ஜோக்குக்குச் சிரிக்கவேண்டும். அவர் சொல்லி அவள் சிரித்து ஏழெட்டு மாசம் ஆகிறது. அது ஊருக்குத் தெரியாது.

எப்படித் தெரியும், வாராவாரம் வருகிற வீடியோவில்தான் சிரிப்பு கேட்கிறதே. அங்கேதான் அவளுக்கு முள் தைத்துக்கொண்டது. போன மாசம் ஒரு மத்தியானம், அவர் கடையில் இருந்தார், இவள் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு இயர்போனை மாட்டிக்கொண்டு சும்மா தங்கள் வீடியோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தடப்பள்ளி வாய்க்கால் மேட்டில் எடுத்தது. எடுத்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. காற்று, கை வலி, கேஸை மூடினோமா மூடவில்லையா என்கிற கவலை. அவர் பஞ்ச் சொன்னார், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போனை ஆடாமல் பிடித்தாள், அவ்வளவுதான். ஆனால் வீடியோவில் அவள் சிரிக்கிறாள். என்ன சிரிப்பு. முதலில் மூக்குக்குள் ஒரு அடக்கல், அப்புறம் மூச்சு உடைந்து, ஐயோ என்று ஒரு சின்னக் கதறல், அப்புறம் அலையலையாக, கடைசியில் மூச்சு வாங்குகிற இடத்தில், மெலிசாக, முளைக்கும்போதே நறுக்கிவிட்ட மாதிரி ஒரு விசில். குக்கர் விசில். வாய்க்கால் மேட்டில் எவள் குக்கர் வைத்தாள் என்று மரகதம் எழுந்து உட்கார்ந்தாள். முந்தின வீடியோவைப் போட்டாள், அது பெட்ரோல் பங்க் வாசலில் எடுத்தது. அதே மூக்கு, அதே ஐயோ, அதே விசில் முளை. அதற்கு முந்தினது, அதற்கும் முந்தினது. ஆடி மாசத்திலிருந்து எல்லாவற்றிலும் ஒரே சிரிப்பு. அது எந்தச் சிரிப்பு என்பதும் அவளுக்குத் தெரிந்துபோயிற்று, தன் பிள்ளையைக் கூட்டத்தில் கண்டுபிடிக்காத தாய் உண்டா. அடுப்படியில் எடுத்த ஒறம்பரை வீடியோ. 'சாப்பிட்டுத்தான் வந்தமுங்க' என்று சொல்லிக்கொண்டே இட்லிச் சட்டியைக் காலி பண்ணுகிற சொந்தக்காரர்களைப் பற்றி அவர் பேசிக்கொண்டே அலமாரியில் சாய, எவர்சில்வர் மூடி ஒன்று விழுந்தது. 'நான் என்ன சொல்றேன்னா' என்று அவர் முகம் மாறாமல் தொடர்ந்தார். இன்னொரு மூடி. 'நான் என்ன சொல்றேன்னா.' ஒரு டம்ளர். அவர் அசரவில்லை, சட்டமன்றத்தில் பேசுகிறவர் மாதிரி நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு பாத்திரமாக விழ விழ, சொல்லவந்ததை விடாமல் சொல்லி முடித்தார். போன் எங்கே போயிற்று, படம் எதை எடுத்தது என்று தெரியாமல், அடுப்பில் குக்கர் விசில் அடிக்க, அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் தனியாக வெட்டிவைத்துக்கொண்டு, அவள் சிரிக்காத இடத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டு வருகிறார் மனுஷன்.

அவரிடம் கேட்டுவிட வேண்டியதுதானே. அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது கேட்கலாமென்று வாயெடுத்தாள், ரசம் ஊற்றட்டுங்களா என்று முடிந்தது. திருட்டு என்றும் சொல்லமுடியாது, அவள் பொருளை அவளுக்காகத்தான் எடுத்திருக்கிறார். ஆனால் சொல்லாமல் எடுத்தால் அதற்கு என்ன பேர். நீ சிரிக்கமாட்டேன் என்கிறாய், பார், உன் சிரிப்பு என்னிடம் ஸ்டாக் இருக்கிறது என்கிறாரா. இல்லை, பாவம், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, வற்புறுத்தக்கூடாது என்று மறைவாக ஒத்தாசை செய்கிறாரா. இரண்டில் எதுவானாலும் ஒரு விஷயம் மாறாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் சொல்வதற்கு அவள் சிரிப்பதில்லை என்பது அவருக்குத் தெரிந்து, தெரிந்ததைச் சொல்லாமல், இத்தனை மாசமாக அவள் பக்கத்தில் படுத்து எழுந்து, காலையில் டீ கலந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்.  அதை நினைத்தால் கோபம் வந்தது, அதுவும் அவர்மேல் இல்லை, வீடியோவில் சிரிக்கிற மரகதத்தின்மேல். கடையில் உட்கார்ந்து இயர்போனை மாட்டிக்கொண்டு ஒட்டுவேலை பார்க்கும்போதெல்லாம் அவளைத்தானே கேட்டுக்கொண்டிருப்பார். கூப்பிட்ட நேரத்துக்கு வருவாள், கேட்ட இடத்தில் சிரிப்பாள், கை வலிக்கிறது என்று சொல்லமாட்டாள். சொந்தச் சிரிப்பே சக்களத்தியாக வருமென்று யாராவது எழுதிவைத்திருக்கிறார்களா என்ன. இதை யாரிடம் சொல்லி அழுவது, பெங்களூரில் இருக்கிற மகள் நிவேதாவிடமா. அம்மா, உனக்கு வேறே வேலை இல்லையா என்பாள். வேலை இருக்கிறது கண்ணு, உங்கப்பாவுக்குச் சிரிக்கிற வேலை.

"மரகதம், கொஞ்சம் இக்கட்டால வா. தொட்டி நெழல் மூஞ்சில பாதி உழுகுது" என்றார் அவர். நாற்காலியைத் தூக்காமல் இழுத்தாள். பூ கனத்தது, கழுத்தில் வேர்த்தது. பக்கத்து மாடியில் யாரோ மிளகாய் காயப்போட்டிருந்தார்கள், காற்று இந்தப் பக்கம் திரும்பினால் சிரிப்புக்குப் பதில் தும்மல் வரும், தும்மினால்கூட தேவலை. பவுடர் அதிகமோ. நிவேதா போனில், கண்ணுக்கு மை வை அம்மா, ஒரு லட்சம் பேர் பாக்கப்போறாங்க என்றாள். ஒரு லட்சம் பேர் என்றால் எவ்வளவு, பண்ணாரியில் குண்டம் மிதிக்க வருகிற கூட்டம் இருக்குமா. அத்தனை பேரும் அவள் வாயைத் திறக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி நினைத்ததும் உதட்டை இழுத்து மூடிக்கொண்டாள். அவர்கள் நல்லவர்கள்தான், அதுதான் கஷ்டம். கெட்டவர்களாக இருந்தால் போனை அணைத்துவிட்டுப் போகலாம். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணைக்கு இருக்கேன், அக்கா சிரிப்பைக் கேட்டுக்கேட்டுத்தான் பொழுது போகுது என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அதைப் படித்த நாள் மரகதம் பூஜை அறைக்குப் போய் ஒரு நிமிஷம் நின்றாள். யோசித்துப் பார்த்தால் அன்றைக்குத்தான் கெட்டதோ என்னவோ. அதற்கு முன்னால் சிரிப்பு வந்தது, அதற்குப் பிறகு சிரிப்பு வரவேண்டியிருந்தது. அவர் பேச ஆரம்பிக்கும்போதே, இதோ வருகிறது, இந்த இடத்தில் சிரிக்கவேண்டும், போன தடவை மாதிரி ஐயோ சொல்லவேண்டும், ஐயோ சொன்னதுக்குத்தானே அத்தனை ஹார்ட் போட்டார்கள் என்று மண்டைக்குள் ஒருத்தி உட்கார்ந்து கணக்குப் பார்த்தாள். இரண்டொரு தடவை வலிந்து சிரித்தாள். அதையும் கண்டுபிடித்தார்கள், அக்காவுக்கு இன்னைக்கு உடம்பு சரியில்லையா என்று அக்கறையாக விசாரித்தார்கள். ஒருநாள் குளிக்கிற அறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு சிரித்துப் பழகினாள். சுவரில் பட்டுத் திரும்பிவந்த சத்தம் யாரோ வழி தவறிய ஆட்டின் சத்தமாக இருந்தது, வெட்கப்பட்டுக்கொண்டு சோப்பை எடுத்தாள்.

ஆனால் முழுப் பழியையும் ஆஸ்பத்திரியிலிருந்து எழுதிய அந்தப் பெண்மேல் போடக்கூடாது. அவர் பேச்சும் மாறிவிட்டதே. சென்னியப்பனின் நகைச்சுவை என்பது நறுக்கென்று சொல்கிற ரகமே இல்லை. அவர் ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் அதற்கு முந்தின வருஷம் மழை பெய்ததா என்பதிலிருந்து வருவார். கடையில் ஜார் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறவர்கள், வேலை முடிந்து ஜார் கைக்கு வந்த பிறகும் போகமாட்டார்கள், கதை இன்னும் சத்தியமங்கலம் பஸ்ஸிலேயே இருக்கும். நடுவில் கண்டக்டருக்கு ஒரு கிளைக்கதை, கண்டக்டரின் மச்சானுக்கு ஒன்று. எங்கே போகிறார் என்று தெரியாது, திரும்பி வருவாரா என்றும் தெரியாது, வந்து சேர்கிற இடத்தில் சிரிப்பு ஒன்றும் பெரிதாக இருக்காது. வருகிற வழிதான் சிரிப்பு. கல்யாணமான புதிதில் அவளுக்கு இது புரியவில்லை, மனுஷன் வளவளவென்று பேசுகிறாரே என்று மலைத்தாள். அப்புறம் ஒருநாள் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது, அவர் சொல்லிமுடித்துக் கடைக்குப் போய் அரைமணி கழித்து, தனியாக அடுப்படியில் நின்று சிரித்தாள். அன்றைக்கு ஆரம்பித்தது. தன் கதைக்குத் தான் சிரிக்கமாட்டார் என்பது இன்னொரு அழகு. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள், அவர் மட்டும் எதற்கு இப்படிச் சிரிக்கிறீர்கள் என்கிற முகத்தோடு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருப்பார். நிவேதாதான் காலேஜ் லீவில் வந்தபோது ஒருநாள் போனில் எடுத்து ஏற்றிவிட்டாள். அது பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்ட பிறகு இவர் அந்தப் படம் பார்க்கக் கற்றுக்கொண்டார், ஏறி இறங்குகிற கோடு, எந்த நொடியில் எத்தனை பேர் கழன்றுபோனார்கள் என்று காட்டுகிற கோடு. "இங்க பாரு மரகதம், மழை பேஞ்சதான்னு நான் ஆரம்பிக்கறேன், அங்கயே பாதிப்பேரு எந்திரிச்சுப் போயிர்றான்" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதிசயித்தார். மனுஷனுக்கு மோட்டார் ஓடாவிட்டால் பொறுக்காது, கழற்றிப் பார்த்தாகவேண்டும். மழையைக் கழற்றினார், பஸ்ஸைக் கழற்றினார், கண்டக்டரின் மச்சானைக் கழற்றினார். கடைசியில் ஒரு பொண்டாட்டி, ஒரு பூரிக்கட்டை, ஒரு பதில். ஓடுகிறது, நன்றாகத்தான் ஓடுகிறது, ஒரு லட்சம் பேருக்கு ஓடுகிறது. அவளுக்கு மட்டும் அந்த மச்சான் எங்கே போனான் என்று தேடுகிறது.

இதை அவரிடம் சொல்லலாமா. உங்கள் ஜோக் நன்றாயில்லை என்று எந்தப் பொண்டாட்டி புருஷனிடம் சொல்லியிருக்கிறாள், எல்லாப் பொண்டாட்டியும்தான் சொல்லியிருக்கிறாள், ஆனால் அவர்கள் புருஷன்மார் அதை நம்பியிருக்கமாட்டார்கள். இவர் நம்பிவிடுவார். அதுதான் பயம். அவள் சிரிக்கிறாள் என்கிற ஒரே காரணத்துக்காகத்தான் அந்த மனுஷன் தனக்குச் சிரிக்கவைக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். மற்றபடி கூச்ச சுபாவம், நாலு பேர் கல்யாணத்தில் சேர்ந்து நின்றால் பந்திக்கு வாழையிலை கழுவப் போய்விடுகிற ஆள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லையென்றால் அது போனுக்கு முன்னால், பட்டப்பகலில், இரண்டுபேர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி வராமல் போகும். ஒட்டிக்கொள்ள முடியாது, வாய் அசைவது தெரியும். அதுவரை சொல்லாமல் வைத்திருந்தது நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் அவர் பேசுவாரா. கடைக்குப் போவார், வருவார், ரசம் ஊற்று என்பார். இவளுக்கு வேறு ஒரு சந்தேகமும் அடியில் அரித்துக்கொண்டிருந்தது, அதை எடுத்துப் பார்க்கவே பயம். சிரிப்பு நின்றதென்றால் பிரியமும் நின்றுவிட்டதா. இருபத்தைந்து வருஷமாக இரண்டும் ஒரே சத்தமாகத்தான் வந்துகொண்டிருந்தது, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துப் பார்க்க அவளுக்கு ஒருநாளும் அவசியம் வந்ததில்லை. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கிற மனுஷனைப் பார்த்தாள். சட்டைக் காலர் பின்னால் மடங்கியிருந்தது. போய்ச் சரிசெய்யவேண்டும் என்று கை பரபரத்தது. அது பிரியமா, பழக்கமா. பழக்கமென்றே வைத்துக்கொண்டாலும் அந்தப் பரபரப்பு நெஞ்சில் எதற்கு.

"ஆரம்பிச்சரலாமா?" என்று கேட்டுவிட்டு அவர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். போனில் இருவரும் தெரிந்தார்கள், கல்யாண போட்டோவில் இருந்த அதே இடைவெளியோடு. அவள் காலரைச் சரிசெய்தாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒரு லட்சம் உறவுகளுக்கு வணக்கம் சொல்லி, இதுதான் உங்க அக்கா என்று கையைக் காட்டிவிட்டு, எழுதிவைத்து மனப்பாடம் செய்ததைச் சொன்னார். "ஏம் மரகதம், கல்யாணம் பண்ணுன நாள்ல இருந்து நான் உனக்கு ஒண்ணுமே வாங்கித் தரலைன்னு சொல்றயே, அந்த பிபி மாத்திரை எல்லாம் ஆரு வாங்கித் தந்தா?" இதுதான் இடம். அவள் வாயைத் திறந்தாள். ஒரு சத்தம் வந்தது. அது என்ன சத்தமென்று போன் காட்டியது, பல்வலிக்காரி டாக்டரிடம் வாயைக் காட்டுகிற முகம். "செரி, இன்னொருக்கா" என்றார் அவர், மெதுவாக. இன்னொருதடவை வணக்கம், இன்னொருதடவை மாத்திரை. இந்தத் தடவை சத்தமே வரவில்லை, உதடு மட்டும் விரிந்தது. மூன்றாவது தடவை அவர் பிபி என்று சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், பார்க்கக்கூடாதென்று நினைத்துக்கொண்டே பார்த்தார். அவள் சேலைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மிளகாய் நெடி வந்தது, தும்மல்கூட வரவில்லை. அவர் எழுந்து போய்ப் போனை நிறுத்தினார், நிறுத்திவிட்டு அங்கேயே நின்று பிடரியைச் சொறிந்தார், ஓடாத மோட்டாருக்கு முன்னால் நிற்கும்போது சொறிவது போலவே. அப்புறம் வழி கண்டுபிடித்துவிட்ட குரலில் சொன்னார். "ஒண்ணு பண்ணு. நீ முந்தானையில வாயப் பொத்திக்கிட்டுக் குனிஞ்சுக்க. தோளு மட்டும் குலுங்கட்டும். மத்தத நான் பாத்துக்கறேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. கை பிடரியிலேயே நின்றது. கீழே தெருவில் ஒரு வண்டி போய் முடிந்தது. மரகதத்துக்கு இத்தனை நாள் பயந்த இடம் இதுதானா, இவ்வளவு சின்னதா என்று இருந்தது. "எனக்குத் தெரியுமுங்க" என்றாள். "என்ன தெரியும்?" "நீங்க ஒட்டறது. ஒறம்பரை வீடியோச் சிரிப்பு. கடைசில விசில் கேக்குது." அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்சநேரம் முழங்காலைத் தடவினார். "அத நானும் எப்பிடியெல்லாமோ வெட்டிப் பாத்தேன்" என்றார். "விசில வெட்டுனா மூச்சு வெட்டுப்பட்டுப் போகுது. மூச்சு இல்லாட்டி அது நீயாட்டமே இல்ல. செரி கெடக்கட்டும்னு உட்டுட்டேன்." அவள் கேட்டாள், "ஏனுங்க மாமா, நான் சிரிக்கலைன்னா சிரிப்பு இல்லாமயே போட்டிருக்கலாமல்ல? பேசுறது நீங்கதான, ஆளுக பாத்துட்டுப் போறாங்க." அவர் அவளைப் பார்க்காமல் மாடிச் சுவரைப் பார்த்துச் சொன்னார். "அதெப்பிடி? நீ சிரிக்காத ஒண்ண நான் என்னைக்குப் போட்டிருக்கறேன்? மொதல்ல எல்லாம் நீ சிரிக்கலைன்னா அழிச்சுப்போடுவேன். எத்தனை அழிச்சிருக்கறேன்னு உனக்கு எங்க தெரியும். அப்பறம் பாத்தா ஒண்ணுக்குமே சிரிக்கமாட்டேங்கற. எல்லாத்தயும் அழிக்கோணுமாட்ட இருந்துச்சு. ஊருக்காக ஒட்டலை சாமி. நீ சிரிச்சயாக்கும்னு நெனச்சுக்கிட்டாத்தான் எனக்கு அந்த பட்டன அமுக்க வருது." சொல்லிவிட்டு, "நல்லால்லைன்னு சொல்லியிருக்கலாம் நீயி" என்று சேர்த்துக்கொண்டார். வருத்தமாகத்தான் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை.

மரகதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மை கரையுமே என்று நினைத்தாள், கரைந்தால் கரைகிறது. இந்த மனுஷனைப் பற்றி ஒரு மாசமாக என்னென்ன நினைத்தோம், ஸ்டாக் வைத்திருக்கிறார் என்று, சக்களத்தி என்று. அவரானால் கடையில் உட்கார்ந்துகொண்டு, அவள் சிரிக்கிறாள் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். ஏமாற்றிக்கொள்ளக்கூட அவள் மூச்சு வெட்டுப்படாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பிரியமா பழக்கமா என்று கேட்டாயே, எழுந்து நின்று பதில் சொல் இப்போது, என்று மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிற கணக்குக்காரியை அதட்டினாள். கணக்குக்காரி எழுந்து எங்கோ போய்விட்டாள். "நல்லால்லாம இல்லீங்க" என்றாள் மரகதம். "சுருக்கா முடிஞ்சு போகுது. நான் சிரிக்கலாம்னு உக்காரும்போது நீங்க முடிச்சுப்போட்டு வணக்கம் சொல்லீர்றீங்க. முன்னாடியெல்லாம் மழை பேஞ்சதான்னு கேப்பீங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மழைக்கு ஆளுக நிக்கறதில்ல." "நான் நிக்கறேனுங்க" என்றாள். அவர் அவளை முழுசாகத் திரும்பிப் பார்த்தார். போன் ஸ்டாண்டில் அணைந்து நின்றது. ஒரு லட்சம் பேருக்கு என்ன பதில் சொல்வது என்று இருவருமே அப்போது நினைக்கவில்லை.

"குருமந்தூர் போன கதை சொல்லியிருக்கறனா?" என்றார். சொல்லியிருக்கிறார், நூறு தடவையாவது இருக்கும், கடைசியாகச் சொல்லி இரண்டு வருஷம் இருக்கும். "இல்லீங்களே" என்றாள். அந்த வருஷம் மழை நன்றாகத்தான் பெய்தது, அதனால்தான் அவருடைய பெரியப்பா வீட்டில் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள், பத்திரிகை வைக்கப் பெரியப்பாவும் அப்போது கல்யாணமாகாத இவரும் குருமந்தூர் போனார்கள், பஸ்ஸில் ஒருத்தன் கோழியைச் சட்டைக்குள் வைத்திருந்தான், கோழி ஏன் சட்டைக்குள் போயிற்று என்பதற்குக் கொஞ்சம் சுற்றி வரவேண்டியிருந்தது. இறங்கி விசாரித்து, ஓட்டு வீடு, வாசலில் வேப்பமரம் என்று சொன்னபடியே ஒரு வீட்டுக்குள் போனால், வாங்க வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பாய் விரித்தார்கள். பஜ்ஜி வந்தது, காப்பி வந்தது, பின்னாலேயே ஒரு பெண் பட்டுச்சேலையில் வந்து விழுந்து கும்பிட்டது. அன்றைக்கு அந்த வீட்டுக்கு வேறே யாரோ பெண் பார்க்க வருவதாக இருந்திருக்கிறது. பெரியப்பா மரியாதை தெரிந்தவர், பஜ்ஜி தின்ற பிறகு வீடு மாறி வந்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது, பெண்ணுக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்டார். கேட்டுக் குறித்துக்கொண்டு, பேசிவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்று கும்பிட்டு, இவரை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். சென்னியப்பன் சொல்லச் சொல்ல வேகம் குறைந்து பழைய நடைக்கு வந்திருந்தார், கை தானாகக் காற்றில் ஸ்க்ரூ முடுக்கியது. மரகதம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள், சிரிக்கவேண்டும் என்கிற நினைப்பே இல்லை. "பஸ் ஸ்டாப்புல பெரியப்பா ரொம்ப நேரம் பேசல. நானும் பேசல. அப்பறம்..." என்றவர் நின்றார். கண் மேலே போயிற்று. "அப்பறம் என்னமோ சொன்னாரு. அதுதான கதையே. என்ன சொன்னாரு?" பிடரிக்குக் கை போயிற்று. "அட, நெனப்பு வரமாட்டேங்குதே மரகதம். முடிவ மறந்துபோட்டனே." முகத்தில் ஒரு பீதி தெரிந்தது, சாவியைத் தொலைத்தவர் முகம்.

அவள் அவசரப்படவில்லை. அதை அவரிடமிருந்துதான் கற்றிருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, பெரியப்பா மாதிரி தூரத்து மலையைப் பார்த்தாள். "பஸ்ஸு வரல" என்றாள். கொஞ்சநேரம் விட்டாள். "பெரியப்பா ஒரு வெத்தலை போட்டாரு. அத மென்னு துப்பிப்போட்டு, பெருமூச்சு உட்டுட்டுச் சொன்னாரு. ஏண்டா சென்னி, பொண்ணு லட்சணமா இருக்குது, இடமும் நல்ல இடம், நமக்குத்தான் கட்டறதுக்குப் பையன் இல்லாமப் போச்சு. நீங்க சொன்னீங்க, ஏனுங் பெரியப்பா, நான் இருக்கறேனுங்களே." இங்கே அவள் திரும்பி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், கால்வரை போய் மறுபடி தலைக்கு வந்தாள், காலரைப் பார்த்தாள், காதோர நரையைப் பார்த்தாள், இருபத்தைந்து வருஷத்தையும் நின்று நிதானித்துப் பார்த்துவிட்டு, பெரியப்பாவின் கனத்த குரலில், மிகுந்த பொறுப்போடு சொன்னாள். "வேண்டாண்டா. நல்ல குடும்பம். நாம கெடுக்கக்கூடாது." சென்னியப்பனின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடைத்துக்கொண்ட குழாயில் தண்ணீர் வருவதற்கு முன் வருகிற சத்தம். அவர் வாயைப் பொத்தினார், விரலிடுக்கு வழியாக மறுபடி பீறிட்டது. ஊரையெல்லாம் சிரிக்கவைத்துவிட்டு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்த மனுஷன், கண்ணாடி நழுவி மடியில் விழ, குனிந்து, நிமிர்ந்து, நாற்காலியின் கையைக் குத்தி, இழுத்து இழுத்து, காது கொடுத்துக் கேட்கமுடியாத ஒரு கர்ணகடூரமான சிரிப்பு சிரித்தார். இத்தனை வருஷத்தில் இவர் இப்படிச் சிரிப்பார் என்பதே அவளுக்குத் தெரியாது. பக்கத்து மாடியில் மிளகாய் கிளற வந்த பெண் கையைக் கண்ணுக்குக் குடை பிடித்துக்கொண்டு, "என்னக்கா, வீடியோ எடுக்கறீங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்ல மரகதத்துக்கு மூச்சு இல்லை. அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் போட்ட சத்தத்தில் அவளுக்கு அவள் சிரிப்பு கேட்கவே இல்லை.